கொதிக்கும் ரேடியேட்டரைத் திறக்கலாமா?

அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே வரை தாழ்ந்துள்ளது. அங்கிருந்து மலையேறும்போது, படுக்கையும் அடுப்பும் கொண்ட கனமான சுற்றுலா வேன்களின் எஞ்சின் கொதித்து நின்றுவிடுவதுண்டு. உடனே ரேடியேட்டர் மூடியைத் திறப்பீர்களா? கூடாது!

பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்து நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அழுத்தம் இரு மடங்கானால் கொதிநிலை சுமார் 120 டிகிரி ஆகும். ரேடியேட்டர் மூடியும் இவ்வாறே அழுத்தத்தைக் காக்கிறது. அதைத் திறந்தால் அழுத்தம் சட்டெனக் குறையும். நீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிச் சீறி, முகத்தை வேகவைத்துவிடும்.

எனவே வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள். நன்கு ஆறிய பிறகே மூடியைத் தொடுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். உலோகம் திடீரெனச் சுருங்கி விரிசல் விடலாம்.

மலையுச்சியில் நீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிப்பது ஏன்? சிந்தியுங்கள்.