செஞ்சிக்குச் செல்வோர் காணாத குன்று

நம் குடும்பங்கள் பேருந்தில் தலயாத்திரை புறப்படுங்கால் மேல்சித்தாமூரில் பார்சுவநாதரைச் சேவித்து, செஞ்சிக் கோட்டையையும் கண்டு மீள்வது வழக்கம். 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டை அது. 1714இல் தேசிங்குராஜன் போரில் மடிந்த கதையை வழிகாட்டி நெடுநேரம் உரைப்பார். அருகிலுள்ள திருநாதர்குன்றையோ பெரும்பாலும் சுட்டிக்காட்டுவதில்லை.

அக்குன்றின் பெரும்பாறையொன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராகச் செதுக்கப்பட்டுள்ளனர். கண்டதும் கைகூப்பித் திரும்பிவிடுகிறோம். நாம் நின்று கற்கவேண்டியது அங்குள்ள சிறு கல்வெட்டு. ஐம்பத்தேழு நாள் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை இது என்பதே அதன் செய்தி. காலத்தால் பிந்திய மற்றொன்று, முப்பது நாள் நோற்ற இளையபட்டாரரைக் கூறும். நிசீதிகை என்பது சல்லேகனை ஏற்றவர் உடல் நீத்த இடம். விரதங்களைக் காக்க உடல் இனி உதவாதென உணர்ந்த துறவி, குருவின் அனுமதி பெற்று, உணவைப் படிப்படியாகக் குறைத்து ஏற்கும் நோன்பு அது. வெறுப்பினால் உயிரை மாய்த்தல் அன்று. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகட்கு விளக்க இப்பாறையினும் தக்க பள்ளி வேறில்லை என்பது எம் கருத்து.

வெயில் ஏறுமுன் குன்றேறுதல் நலம். ஒரு மணி நேரம் வேண்டுமெனப் புறப்படும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவைத்தல் வேண்டும். கோட்டையைப் பின்னர்க் காணலாம்.