படிவம் ஒன்றில் காலடி வைக்கும் பிள்ளை: கணித, அறிவியல் வகுப்பறை அவனிடம் எதிர்பார்ப்பவை



ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில், தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியரிடம் பயின்ற நம் பிள்ளைகள், படிவம் ஒன்றில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகின்றனர். அங்கே பாடத்திற்கு ஓர் ஆசிரியர். வகுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருப்பதும் உண்டு. பாடமொழியும் மாறிவிடுகிறது. இம்மூன்று மாற்றங்களையும் ஒரே வாரத்தில் சந்திக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை, வகுப்பில் தன்னிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதை அறியாமலே பின்தங்கிவிடுவதைப் பல ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தும், பணி ஓய்வுக்குப் பின் கோயில் மண்டபத்தில் வார இறுதி வகுப்பு நடத்தியும் கண்டு வருகிறேன். அக்குறையைப் போக்கும் எண்ணத்துடனேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் பொதுத் தேர்வின் முடிவு வந்தால் பிள்ளையின் நிலை வீட்டாருக்குத் தெரிந்துவிடும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலும், படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வு 2022-ஆம் ஆண்டிலும் கைவிடப்பட்டன. படிவம் நான்கில் கலைப்பிரிவு, அறிவியல் பிரிவு என்று இருந்த பழைய பகுப்பும் 2020-இல் நீக்கப்பட்டு, பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றை எடுக்க விரும்பும் மாணவனுக்கு முதல் மூன்று படிவங்களே அடித்தளம். அந்த அடித்தளம் உறுதியாக உள்ளதா என்பதை ஒரு தேர்வுச் சான்றிதழுக்காகக் காத்திராமல், அன்றாடப் பயிற்சிப் புத்தகத்திலேயே நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. தெரியாத சொல்லைக் கேட்டறிதல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் எங்கள் வார இறுதி வகுப்பிற்கு வந்தான். தமிழ்ப்பள்ளியில் அறிவியலில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன். படிவம் ஒன்றின் முதல் சோதனையில் மிகக் குறைந்த புள்ளிகளே பெற்றிருந்தான். லாரி ஓட்டும் அவனுடைய தந்தை, "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை போலிருக்கிறது ஐயா, வேலைக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று மனம் நொந்து சொன்னார்.

சோதனைத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஊசலைப் பற்றிய கேள்வி அது. 'பெம்போலே உபா' மூன்றையும் எழுதுமாறு கேட்டிருந்தார்கள். இடம் வெறுமையாக இருந்தது. அதே கேள்வியைத் தமிழில் கேட்டேன். "நூலின் நீளம் தற்சார்பு மாறி, ஊசல் போய்வர எடுக்கும் நேரம் சார்பு மாறி, குண்டின் பொருண்மை கட்டுப்படுத்தப்பட்ட மாறி" என்று தடையின்றிச் சொன்னான். "பிறகு ஏனப்பா எழுதவில்லை?" என்றேன். "என்ன கேட்டிருக்காங்கன்னே தெரியல ஐயா. கேட்டா மத்தவங்க சிரிப்பாங்கன்னு சும்மா இருந்துட்டேன்" என்றான். அவனுக்கு அறிவியல் தெரிந்திருந்தது. ஒரு சொல் தெரியவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுபோக இருந்தது.

எனவே கணித, அறிவியல் வகுப்பின் முதல் எதிர்பார்ப்பு கேட்பதுதான். விளங்காதபோது கை உயர்த்திக் கேட்கும் மாணவனை நல்ல ஆசிரியர் எவரும் குறைவாக எண்ணுவதில்லை. பலர் முன்னிலையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், பாடம் முடிந்ததும் ஆசிரியரிடம் சென்று கேட்கலாம்.

அத்துடன் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றில் மலாய்ச் சொல், அடுத்ததில் தமிழ்ச் சொல், மூன்றாவதில் ஆங்கிலச் சொல். ஜிசிம் என்றால் பொருண்மை. பெராட் என்றால் எடை. பெமெர்ஹாத்தியான் என்றால் உற்றறிதல். ஹிப்போதெசிஸ் என்றால் கருதுகோள். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கும் இருமொழித் திட்டம் 2016 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் நடத்தப்பட்டு வந்ததால், ஆங்கிலச் சொல்லையும் அறிந்து வைப்பது நலம். நாளொன்றுக்கு மூன்று சொற்கள் எழுதினாலும் ஒரு தவணைக்குள் பெரும்பாலான சொற்கள் கைவந்துவிடும். அந்த மாணவனும் இப்படித்தான் மீண்டான்.

2. வழிமுறையைக் காட்டுதல்

விடை மட்டும் எழுதினால் போதாது. 'ஜாலான் கெர்ஜா' எங்கே என்று ஆசிரியர் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

3(x − 4) = 2x + 5 என்ற சமன்பாட்டில் ஒரு மாணவன் 9 என்று விடை எழுதுகிறான். விடை தவறு. அவன் வெறும் 9 என்று மட்டும் எழுதியிருந்தால் தவறு எங்கே நேர்ந்தது என்று ஆசிரியரால் அறிய இயலாது. வரி வரியாக எழுதியிருந்தால், முதல் வரியிலேயே 3x − 4 என்று இருப்பது தெரிந்துவிடும். அடைப்புக்குறிக்குள் உள்ள இரண்டு உறுப்புகளையும் மூன்றால் பெருக்க வேண்டும் என்பதை அவன் மறந்திருக்கிறான். சரியான வரி 3x − 12 = 2x + 5. அதிலிருந்து x = 17 என்று கிடைக்கும். ஒரே ஒரு விதியை நினைவூட்டினால் போதும், பிள்ளை திருந்திவிடுவான்.

விடையைச் சரிபார்ப்பதும் மாணவனின் கடமையே. 17-ஐ இடப்பக்கம் வைத்தால் 3 × 13 = 39. வலப்பக்கம் 34 + 5 = 39. இரண்டும் ஒத்துள்ளன. 9-ஐ வைத்தால் ஒருபக்கம் 15, மறுபக்கம் 23. இதைப் பார்த்த மாணவன் ஆசிரியர் சொல்லாமலே தன் தவற்றைக் கண்டுகொள்வான்.

இங்கே என் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பணியில் சேர்ந்த தொடக்க காலத்தில் நானும் விடைக்கு மட்டுமே சரி போட்டு வந்தேன். எல்லாப் பயிற்சிகளிலும் முழுப்புள்ளி வாங்கிய ஒரு மாணவி ஆண்டிறுதித் தேர்வில் தோற்றபோதுதான், அவள் தோழியின் புத்தகத்தைப் பார்த்து எழுதி வந்தாள் என்பது தெரிந்தது. வழிமுறையைக் கேட்டிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். அந்தத் தவறு அவளுடையது மட்டுமன்று.

3. திருத்தம் எழுதுதல்

ஆசிரியர் சிவப்பு மையால் குறித்த கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்திற்குச் செல்வது நம் பிள்ளைகளிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம். தவறிய கணக்கை அதன் கீழேயே மறுபடியும் செய்து, எங்கே தவறினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். கணிதத்தில் ஒரு பாடம் அடுத்த பாடத்தின் மேல் ஏறி நிற்கிறது. எதிர்ம எண்கள் சரியாக விளங்காதவனுக்கு இயற்கணிதம் விளங்காது. இயற்கணிதம் விளங்காதவனுக்குச் சமன்பாடு விளங்காது. இன்று செய்யாத திருத்தம் அடுத்த ஆண்டு பெரும் சுமையாக வந்து நிற்கும்.

4. ஆய்வுக்கூட ஒழுக்கம்

ஆய்வுக்கூடத்தின் விதிகள் உடலையும் கண்ணையும் காப்பதற்காக ஏற்பட்டவை. மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை:

அ) ஆசிரியர் அனுமதியின்றி உள்ளே செல்லவோ, எப்பொருளையும் தொடவோ கூடாது.

ஆ) உள்ளே உண்பதும் பருகுவதும் கூடாது. எந்தப் பொருளையும் சுவைத்துப் பார்க்கலாகாது.

இ) நீண்ட கூந்தலை இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். சூடேற்றும்போதும் இரசாயனப் பொருள்களைக் கையாளும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

ஈ) சோதனைக் குழாயைச் சூடேற்றும்போது அதன் வாய் எவர் முகத்தையும் நோக்கி இருத்தல் கூடாது.

உ) அமிலத்தின் செறிவைக் குறைக்க, நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் வெப்பம் திடீரெனப் பெருகி அமிலம் தெறிக்கும்.

ஊ) உடைந்த கண்ணாடியை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. காயமோ உடைப்போ ஏற்பட்டால் மறைக்காமல் உடனே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

கடைசி விதியை நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பழக்க வேண்டும். கோப்பை உடைந்ததற்காக வீட்டில் அடி வாங்கிய பிள்ளை, ஆய்வுக்கூடத்திலும் உடைந்ததை மறைக்கவே முயல்வான்.

5. கண்டதைக் கண்டபடி எழுதுதல்

மேலே சொன்ன ஊசலை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு நூல், கனமான இரும்பு நட்டு, கைக்கடிகாரம் இருந்தால் போதும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசல் 10 முறை போய்வர ஏறத்தாழ 10 வினாடி எடுக்கும். நீளத்தை நான்கு மடங்காக்கி 1 மீட்டர் ஆக்கினால் ஏறத்தாழ 20 வினாடி ஆகும். நீளம் நான்கு மடங்கு, நேரம் இரண்டே மடங்கு! ஊசலைச் சிறிய கோணத்தில் ஆட்டி, ஒரு முறைக்குப் பதில் 10 முறைக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுத்தால், கடிகாரத்தை அழுத்துவதில் நேரும் பிழை குறையும்.

பிள்ளைக்கு 9.6 வினாடி கிடைத்தால் 9.6 என்றே எழுத வேண்டும். பக்கத்து மேசையில் 10.0 வந்தது என்பதற்காக அழித்து எழுதுவது அறிவியலுக்கு விரோதம். தன் அளவு ஏன் மாறியது என்று ஆராயும் மாணவனே நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்பகுதி வரை அளக்க மறந்ததைக் கண்டுபிடிப்பான்.

பெற்றோர் செய்யக்கூடியது

"எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதே" என்று பல பெற்றோர் தயங்குகின்றனர். கணக்குத் தெரிய வேண்டியதில்லை. நாள்தோறும் மாலையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். "இன்று எது விளங்கவில்லை? யாரிடம் கேட்டாய்? திருத்தம் எழுதிவிட்டாயா, காட்டு பார்க்கலாம்." பிறகு ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் பிள்ளைக்கு அது விளங்கிவிட்டது என்று பொருள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

கல்வி உதவிநிதி வழங்கும் பெருமக்கள் சிறந்த புள்ளி பெற்றவருக்குப் பரிசளித்துப் பாராட்டுவது மகிழ்ச்சிக்குரியது. அதோடு, படிவம் ஒன்றிலேயே தடுமாறி நிற்கும் பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு வேண்டியவை ஒரு சொல் நோட்டு, ஓர் அளவுகோல், வாரம் இரண்டு மணி நேரம் பொறுமையுடன் உட்கார்ந்து கேட்கும் ஓர் ஆசிரியர், அவ்வளவே. உதவி பெறும் பிள்ளையைச் சந்திக்கும்போது புள்ளி அட்டையோடு பயிற்சிப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் வழிமுறையும் திருத்தமும் இருந்தால், உங்கள் நன்கொடை வீண்போகவில்லை என்று மனநிறைவு கொள்ளலாம்.

வேலைக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று தந்தையே எண்ணிய அந்தப் பையன், படிவம் நான்கில் இயற்பியல் பாடத்தைத் தேர்ந்தெடுத்தான். இன்று வார இறுதிகளில் வந்து, சிறு பிள்ளைகளுக்குச் சொல் நோட்டு எழுதக் கற்றுக்கொடுக்கிறான். கேட்கத் தயங்கும் பிள்ளையைப் பார்த்தவுடன் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நேரே அருகில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

நம் பிள்ளைகள் அனைவரும் கல்வியில் சிறந்து விளங்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.