தரைக்கு நடுவே ஒரு தீவு, அதில் ஒரு பாம்பு

தீவுன்னா கடலுக்கு நடுவுலதான் இருக்கணுமா? ஓமலூரில் நின்று கிழக்கே பாருங்கள், சேர்வராயன் மலை தெரியும். அதன் உச்சி 1,500 மீட்டருக்கு மேல். மேலே குளிர்ந்த, ஈரமான மண். சுற்றிலும் நம்ம காய்ந்த சமவெளி. மண்ணுக்குள்ளேயே வாழும் ஒரு சின்னப் பாம்புக்கு இந்தச் சமவெளியும் கடல் மாதிரிதான். தாண்ட முடியாது.

அதன் அறிவியல் பெயர் யூரோபெல்டிஸ் ஷார்ட்டி. கேடயவால் பாம்புக் குடும்பம். இந்தக் குடும்பமே தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. தலை கூராக இருக்கும், மண்ணைத் துளைக்க. வால் வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். அதில் மண் ஒட்டிக்கொள்ளும். பாம்பு உள்ளே போனதும் வாலே வளைக்கு மூடி! சாப்பாடு மண்புழு. முட்டை போடாது, குட்டி போடும். விஷம் கிடையாது.

நம்ம காட்டில் கிடைக்கும் மண்ணுளிப் பாம்பு வேறு, இது வேறு. ஆனால் மொட்டை வாலைப் பார்த்து இதையும் 'ரெண்டு தலைப் பாம்பு' என்று சொல்லி அடித்துவிடுகிறார்கள். மழை பெய்தால் இவை ரோட்டுக்கு வரும், வண்டியிலும் நசுங்கும். (விஷமில்லை என்று படித்துவிட்டு எந்தப் பாம்பையும் கையில் எடுக்காதீர்கள். எது எது என்று நமக்கு அடையாளம் தெரியாது.)

பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி 1863-ல் இதற்குப் பெயர் வைத்தார். ஷார்ட் என்ற டாக்டரைச் சிறப்பிக்க வைத்த பெயர். பின்னால் வந்தவர்கள் இது தனி இனமே இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் 'சிலானிகா' பாம்புதான் என்று அதில் சேர்த்துவிட்டார்கள். (வேடிக்கை என்னவென்றால், அந்த சிலானிகா சிலோனிலேயே கிடையாது!) 2014-ல்தான் கணேஷும் அவருடன் சேர்ந்தவர்களும் செதில்களையும் நிறத்தையும் ஒப்பிட்டு, இது தனி இனம்தான், சேர்வராயன் மலைக்கே உரியது என்று எழுதினார்கள். அப்படியென்றால் இங்கே அழிந்தால் வேறு எங்கேயும் போய்த் தேட முடியாது.

நாமக்கல் பக்கம் கொல்லிமலையும் இன்னொரு தீவு. அங்கே இருக்கும் கேடயவால் பாம்பு வேறு இனம் என்று 2020-ல் தெரிந்தது. அதற்கு வைத்த பெயர் யூரோபெல்டிஸ் ராஜேந்திரனி. இந்தப் பாம்புகளையே ஆராய்ந்த பாளையங்கோட்டைப் பேராசிரியர் எம்.வி. ராஜேந்திரனின் பெயர் அது.