சூரிய வம்சத்து மன்னர்

கடற்கரையே இல்லாத நாடுகளுள் ஒன்று லாவோஸ். சீனா, மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளும் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. நம்மில் பலருக்கு அதன் பெயர் புவியியல் பாடத்தோடு நின்றுவிடுகிறது. அந்நாட்டை ஏறத்தாழ 57 ஆண்டுகள் ஆண்ட ஒரு மன்னரைப் பற்றி இங்கே காண்போம். அவர் பெயர் சூலிஞ வோங்சா. முதலில் கேட்கும்போது நாக்கு தடுமாறும். ஆனால் அது வேறொன்றுமில்லை, 'சூரிய வம்சம்' என்பதே லாவோ மக்களின் நாவில் அவ்வாறு மாறியிருக்கிறது! பௌத்த சமயத்துடன் பாலி, வடமொழிச் சொற்களும் அங்கே சென்று குடியேறிவிட்டன.

அக்காலத்தில் நாட்டின் பெயர் லான் சாங். பத்து இலட்சம் யானைகளின் நாடு என்பது அதன் பொருள். பா ங்கும் என்ற அரசர் 1353-ல் அதை நிறுவினார். 1560-ல் சேத்தாதிராத் மன்னர் தலைநகரை லுவாங் பிரபாங்கிலிருந்து மீகாங் ஆற்றங்கரையில் உள்ள வியஞ்சானுக்கு மாற்றினார். அவருக்குப் பின் பர்மியப் படையெடுப்புகளும் வாரிசுச் சண்டைகளும் நாட்டை அலைக்கழித்தன. 1637-ஆம் ஆண்டளவில் அரியணைக்குப் பலர் போட்டியிட்டபோது வென்றவர் இளைஞரான சூலிஞ வோங்சா. வென்றவுடன் அவர் செய்த முதல் காரியம், போட்டியாளர்களை அகற்றியதுதான். அவருடைய தமையனார் அன்னம் எனப்பட்ட வியட்நாமில் தஞ்சம் புகுந்தார். இந்தத் தமையனாரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இம்மன்னரின் அரசவையை நேரில் கண்டு எழுதிய ஐரோப்பியர் இருவரின் செய்திகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. முதலாமவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகரான கெரிட் வான் வுய்ஸ்டாஃப். 1641-ல் அவர் கம்போடியாவிலிருந்து மீகாங் வழியாகப் படகில் புறப்பட்டார். வழியில் கோன் நீர்வீழ்ச்சி குறுக்கிட்டது. அங்கே சரக்குகளை இறக்கித் தரை வழியே சுமந்து செல்லாமல் மேலே போக முடியாது. வியஞ்சான் சேர மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அவர்கள் தேடி வந்தவை அரக்கும் சாம்பிராணியும். மாலை வேளையில் நம் வீடுகளில் புகை போடுகிறோமே, அந்தச் சாம்பிராணி வகைக்காகத்தான் இத்தனை பாடு! தா லுவாங் என்னும் பொற்கோபுரத்தின் அருகே மன்னர் அவர்களை வரவேற்றார். வெள்ளை யானை மீது வந்த அரசருக்கு வயது 23 இருக்கலாம் என்று டச்சுக்காரர் குறித்து வைத்தார்.

இரண்டாமவர் இத்தாலிய நாட்டு இயேசு சபைக் குரு ஜொவான்னி மரியா லேரியா. 1642-ல் வந்து ஐந்து ஆண்டுகள் தங்கினார். நற்செய்தி அறிவிக்கும் பணி அங்கே வேரூன்றவில்லை. புத்த பிக்குகளின் எதிர்ப்பு பலமாக இருந்தது. அக்காலத்து வியஞ்சான் பௌத்தக் கல்விக்குப் பெயர் பெற்றது. சயாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் துறவிகள் அங்கு வந்து படித்தார்கள். 1647-ல் லேரியா அடிகளார் வெறுங்கையுடன் திரும்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் அவர் தந்த செய்திகளைக் கொண்டு மரினி என்ற மற்றொரு குரு எழுதிய நூல் 1663-ல் ரோமில் வெளிவந்தது. அரண்மனை ஒரு நகரத்தைப் போலப் பரந்திருந்தது என்றும், மக்கள் மென்மையானவர்கள், விருந்தோம்பலில் சிறந்தவர்கள் என்றும் அந்நூல் புகழ்கிறது. தம்மை ஏற்காத மக்களைப் பற்றியும் நல்லதை எழுதிய அந்தக் குருவை நமக்கு மிகவும் பிடித்துவிட்டது. (லாவோஸ் நாட்டிலிருந்து முதன்முதலாக ஒருவர் கர்தினாலானது 2017-ல். அவர் லூயி மாரி லிங் ஆண்டகை.)

எல்லைத் தகராறுகளை மன்னர் தீர்த்த விதம் சுவையானது. வியட்நாமுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் வீடுகளே எல்லைக் கற்களாயின. கால்கள் நட்டு அதன் மேல் வீடு கட்டி வாழ்வோர் லாவோ மன்னரின் குடிகள். தரையிலேயே வீடு கட்டி வாழ்வோர் வியட்நாம் மன்னரின் குடிகள். வரைபடமும் நில அளவையும் இல்லாத மலைநாட்டில் இதைவிடத் தெளிவான அடையாளம் ஏது?

ஆனால் எல்லாவற்றையும் புகழ்வதற்கில்லை. வடகிழக்கே இருந்த சியங் குவாங் நாட்டு இளவரசியை மன்னர் பெண் கேட்டார். அவள் தந்தை மறுத்தார். உடனே படை சென்றது. இளவரசியைக் கொண்டுவந்ததுடன் அந்நாட்டு மக்கள் பலரையும் பிடித்து வந்து வியஞ்சான் பக்கம் குடியமர்த்தினார்கள். அந்நாட்டின் பகை நெடுங்காலம் தீரவில்லை. நூல்கள் இதை ஒரு போர் என்ற அளவில் சொல்லிச் செல்கின்றன. அந்த இளவரசியின் மனம் என்ன பாடுபட்டது என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

இனி அவர் மகனுடைய கதைக்கு வருவோம். மன்னரின் ஒரே மகனான பட்டத்து இளவரசர், அரசவை அதிகாரி ஒருவரின் மனைவியுடன் தவறான உறவு கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டார். சட்டப்படி தண்டனை மரணம். மன்னர் ஒரு சொல் சொல்லியிருந்தால் மகன் பிழைத்திருப்பார். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. தண்டனை நிறைவேறியது.

இதை வகுப்பில் பேசியபோது நாங்கள் இரு கட்சிகளாகப் பிரிந்தோம். குடிமகனுக்கு ஒரு சட்டம், இளவரசனுக்கு ஒரு சட்டம் என்று இருக்கலாமா என்றனர் ஒரு சாரார். தம்மை எதிர்த்துப் படை திரட்டிய மகன் அப்சலோமைக் கூடக் கொல்ல வேண்டாம் என்று தாவீது அரசர் சொன்னாரே, இவருக்கு ஏன் மனம் வரவில்லை என்றனர் மற்றொரு சாரார். ஒருத்தி மட்டும், "பிறன் மகளைப் படையனுப்பிக் கொண்டுவந்தவர் தம் மகனுக்குத் தீர்ப்பு சொல்லலாமா?" என்று கேட்டாள். மணி அடிக்கும்வரை அதற்கு எவரும் பதில் சொல்லவில்லை.

1694-ஆம் ஆண்டளவில் மன்னர் காலமானபோது பேரப்பிள்ளைகள் சிறுவர்கள். அமைச்சர் ஒருவர் அரியணையைப் பறித்தார். அரச குலப் பெண் சுமங்கலாவை மணந்து தம் உரிமையை நிலைநாட்டவும் முயன்றார். கருவுற்றிருந்த சுமங்கலா அவரை மறுத்து, மக்களிடம் செல்வாக்குப் பெற்ற ஒரு துறவியுடனும் அவருடைய அடியார்களுடனும் தலைநகரை விட்டு வெளியேறினார். முன்பு சொன்ன தமையனாரின் மகன் சாய் ஓங் ஹுவே வியட்நாமியப் படையின் துணையுடன் வந்து வியஞ்சானைக் கைப்பற்றினார். 1707-ல் லுவாங் பிரபாங் தனி அரசாயிற்று. 1713-ல் தெற்கே சம்பாசக்கில் சுமங்கலாவின் மகன் முடி சூடினார். ஒரு நாடு மூன்றானது. 1779-க்குள் மூன்றும் சயாமின் ஆதிக்கத்திற்கு உட்பட்டன. 1893-ல் மீகாங்கின் கிழக்குக் கரை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று.

1707-ல் லுவாங் பிரபாங்கில் அரசரானவர் கிட்சரட். தாத்தா மன்னிக்க மறுத்த அந்த இளவரசரின் மகன் அவர். பின்னர் சூலிஞ வோங்சாவின் மற்றொரு பேரனான இந்தசோம் அங்கே அரசரானார். அவர் வழிவந்தவர்களே 1975 டிசம்பரில் முடியாட்சி ஒழிக்கப்படும்வரை லுவாங் பிரபாங் அரண்மனையில் அமர்ந்திருந்தார்கள்.