போன் பில் எகிறாமல் இருக்க...

போஸ்ட்பெய்டு பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் பலர். ப்ரீபெய்டிலும் பணம் சத்தமில்லாமல் கரைகிறது.

1. போஸ்ட்பெய்டு மாதக் கட்டணத்துடன் 18% ஜி.எஸ்.டி.யைக் கூட்டிப் பாருங்கள். 399 ரூபாய்த் திட்டம் பில்லில் ஏறக்குறைய 471 ரூபாயாகிவிடும். ப்ரீபெய்டு விலையில் வரியும் அடக்கம்.

2. ப்ரீபெய்டு திட்டங்களை நாள் கணக்கில் ஒப்பிடுங்கள். 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 12 அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும்! மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்படி ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது.

3. கேட்காத காலர் டியூனுக்குப் பணம் போகிறதா? 155223 எண்ணுக்கு ‘ஸ்டாப்’ என்று ஆங்கிலத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள்.

4. நிறுவனம் மாறும் முன் பில் பாக்கியைக் கட்டிவிடுங்கள். பாக்கி இருந்தால் எண்ணை மாற்றித் தரமாட்டார்கள்.