ஊராட்சிப் பணியாளரின் மனச்சுமையும் நலவழித்துணையும்

குடிநீர் தவறாமல் வரவேண்டும், தெரு தூய்மையாக இருக்கவேண்டும், விளக்கு எரியவேண்டும் என்று ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் விரும்புகிறது. இவற்றைச் செய்துதரும் பணியாளர்களின் உடலும் உள்ளமும் எந்நிலையில் உள்ளன என்று நாம் வினவுவதோ அரிது.

நமது ஒன்றியத்தில் குடிநீர் மோட்டாரை இயக்கும் பணியாளர் ஒருவர் உண்டு. விடியற்காலை 4 மணிக்குத் தொட்டியை நிரப்ப எழுவார். இரவு 10 மணிக்கும் "குழாயில் தண்ணீர் இல்லை" என்று அவரது கைப்பேசி ஒலிக்கும். வேலையில் பிழைகள் மிகவே, நாமும் அவரைப் பலமுறை கடிந்துகொண்டோம். ஒருநாள் மோட்டார் அறையருகே மயங்கி விழுந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்தபோது, இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 180ஐத் தாண்டியிருந்தது. பல வாரங்களாக அவருக்குச் சரியான உறக்கமில்லை என்பதும் அன்றே தெரிந்தது. அவரைச் சோம்பேறி என்று கருதியது நமது பிழை.

மனச்சுமை எவ்வாறு உண்டாகிறது?

வேலைப்பளு மிகுந்து, அதைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் உரிமை குறைந்திருந்தால் மனச்சுமை மிகும் என்று அமெரிக்க அறிஞர் ராபர்ட் கராசெக் 1979-இல் விளக்கினார். மோட்டார் இயக்குபவரின் நிலை இதுவே. மின்சாரமும் நிலத்தடி நீரும் அவர் கையில் இல்லை. வசவு மட்டும் அவருக்கு வருகிறது. இந்நிலை நீடித்தால் உறக்கம் கெடும், சினம் மிகும், இரத்த அழுத்தம் உயரும். சிலர் புகையிலையையும் மதுவையும் நாடுவர்.

நலவழித்துணை என்பது யாது?

நோயாளிக்கு உபதேசம் செய்வதன்று. அவரே தம் வழியைக் கண்டறிய உடனிருந்து உதவுவதே நலவழித்துணை. இதற்கு அடிப்படையான உரையாடல் முறைகளுள் ஒன்றை, குடிப்பழக்கமுள்ளோர்க்கென வில்லியம் மில்லர் என்ற உளவியல் அறிஞர் 1983-இல் எடுத்துரைத்தார். பயிற்சி பெற்ற செவிலியர் இதனை நன்கு செய்யலாம். முறை வருமாறு:

1. "எது உங்களை மிகவும் வருத்துகிறது?" என்று கேட்டு, குறுக்கிடாது செவிமடுத்தல்.
2. பணியாளர் தாமே ஒரு சிறு செயலைத் தேர்ந்துகொள்ளச் செய்தல்.
3. "இதைச் செய்துமுடிக்க 10-க்கு எவ்வளவு நம்பிக்கை?" என வினவுதல். 7-க்குக் குறைந்தால் செயலை இன்னும் எளிதாக்குதல்.
4. ஒரு வாரம் கழித்து மீண்டும் சந்தித்தல். தவறியிருந்தால் பழிக்காது, தடை யாது என ஆராய்தல்.

நமது பணியாளர் தேர்ந்தது, நண்பகல் உணவுக்குப்பின் அரைமணி நேரம் படுத்திருப்பதும், மாத்திரையை நாள் தவறாமல் உண்பதுமே. வேறெதையும் நாம் அவர்மேல் சுமத்தவில்லை.

நுகத்தடியையும் பாருங்கள்

உழவர்கள் அறிந்த உண்மை ஒன்றுண்டு. காளையின் கழுத்தில் புண் கண்டால் மருந்து மட்டும் தடவினால் போதாது. உறுத்தும் நுகத்தடியைச் செதுக்கவேண்டும். பணியாளருக்கு ஆறுதல் கூறிவிட்டுப் பளுவை அப்படியே விடுவது, மருந்து தடவிப் புண்மேல் மறுபடி நுகம் வைப்பதற்கு ஒப்பாகும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகளும், பணியமைப்பைத் திருத்துவதையும் மேற்பார்வையாளர்க்குப் பயிற்சி அளிப்பதையும் பரிந்துரைக்கின்றன.

ஆகவே அவ்வூராட்சி மன்றம் மூன்று முடிவுகள் செய்தது. தண்ணீர் விடும் நேரத்தை எழுதி ஊர்ப்பலகையில் ஒட்டியது. புகார்களை மன்ற உறுப்பினர் ஒருவரே பெற்றுக்கொள்வார் என்றது. வாரத்தில் ஒருநாள் மாற்று ஆளை அமர்த்தியது. செலவு சிறிதே, பயனோ பெரிது. அவர் இன்றும் மாத்திரை உண்கிறார். ஆயினும் இரவில் உறங்குகிறார்.

எச்சரிக்கை

பணியாளர் மனம்விட்டுக் கூறியதைத் தேநீர்க் கடையில் பேசுதல் கூடாது. ஒருமுறை வெளிப்பட்டால் பின்பு எவரும் வாய்திறவார். வாழ்வில் வெறுப்புற்றதாக யாரேனும் கூறினால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மனஸ் உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தூய்மைக் காவலரையும் மோட்டார் இயக்குபவரையும் அமரவைத்து, அவர்கள் கூறுவதை முதலில் கேளுங்கள். நாமும் அங்கிருந்தே தொடங்கியிருக்கவேண்டும்.