டொக்டரிடம் போக உங்களுக்கு உரிமை உண்டு: ஜி.பி. பதிவும் எச்.சி. 2 சான்றிதழும்



இங்கு வந்து சில கிழமைகளே ஆனவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "அக்கா, கேஸ் இன்னும் முடியேல்லை. என்னட்டை இன்சூரன்ஸும் இல்லை. டொக்டரிட்டைப் போகலாமோ?" போகலாம். வருத்தம் என்றால் போகத்தான் வேண்டும். எப்படிப் போவது, எதைக் கேட்டு வாங்குவது, எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதை இம்முறை பார்ப்போம்.

ஜேர்மனி, சுவிஸ், பிரான்ஸ் நாடுகளில் இருக்கும் உறவினர்கள் காப்புறுதி அட்டை பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பிரித்தானியாவில் அப்படியொரு அட்டை தேவையில்லை. 1948 ஜூலை 5ஆம் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவை, அதாவது என்.எச்.எஸ்., பெரும்பாலும் வரிப்பணத்தில் நடக்கிறது. எங்கள் ஊர்த் தர்மாஸ்பத்திரி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அகதிக் கோரிக்கைக்கு இறுதி முடிவு வரும்வரை, அப்பீல் நடக்கிற காலம் உட்பட, என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு உங்களிடம் காசு கேட்க முடியாது. "நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர்" என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேலைக்கும் வரிக்கும் உரியது. பெயரில் இன்சூரன்ஸ் இருக்கிறதே தவிர, டொக்டரைப் பார்க்க அது வேண்டியதில்லை.

முதல் வேலை: ஜி.பி.யிடம் பதிவு

ஜி.பி. என்பவர் உங்கள் பகுதிக் குடும்ப வைத்தியர். அவர் இருக்கும் இடத்தை இங்கே "சேர்ஜரி" என்பார்கள். சத்திரசிகிச்சையாக்கும் என்று பயப்பட வேண்டாம், பெயர் மட்டுந்தான் அப்படி. பெரிய ஆஸ்பத்திரியில் விசேட வைத்தியரைப் பார்ப்பதென்றாலும் பெரும்பாலும் ஜி.பி.யின் கடிதம் வேண்டும். ஆகவே வருத்தம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பதிந்துவிடுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

ரிசெப்சனில் இருப்பவர் "பாஸ்போர்ட் எங்கே, கரண்ட் பில் எங்கே" என்று கேட்கக்கூடும். இருந்தால் காட்டலாம். இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. அடையாள அட்டை, விலாச அத்தாட்சி, விசா நிலை ஆகிய எதுவும் பதிவுக்குக் கட்டாயமில்லை என்பது என்.எச்.எஸ். இங்கிலாந்தின் சொந்த வழிகாட்டல். ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள் அந்த விலாசத்தைக் கொடுக்கலாம். இடமில்லை, அல்லது நீங்கள் எங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று சொன்னால், அந்தக் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். 14 நாட்களுக்குள் அவர்கள் எழுத்தில் தரவேண்டும். எழுதித் தாருங்கள் என்று கேட்டவுடனேயே பதிவுப் படிவம் வெளியே வந்த சந்தர்ப்பங்களும் உண்டு.

எச்.சி. 2: இந்தக் கடுதாசியைத் தொலைத்துவிடாதீர்கள்

டொக்டரைப் பார்ப்பது இலவசம். ஆனால் இங்கிலாந்தில் பெரியவர்களுக்கு அவர் எழுதும் மருந்துக்கு ஒவ்வொன்றாகக் கட்டணம் உண்டு. பல்லுக்கும் கண்ணுக்கும் அப்படியே. (ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் மருந்துச் சிட்டைக்குக் கட்டணம் இல்லை.) இந்தச் செலவுகளிலிருந்து உங்களைக் காப்பதுதான் எச்.சி. 2 சான்றிதழ். மருந்து, என்.எச்.எஸ். பல் வைத்தியம், கண் பரிசோதனை ஆகியவை இதனால் இலவசமாகும். கண்ணாடிக்கு ஒரு வவுச்சர் கிடைக்கும். வைத்தியர் அனுப்பி ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ், ரயில் செலவையும் திருப்பிக் கேட்கலாம். ரிக்கற்றை எறியாதீர்கள்.

ஹோம் ஒபிஸின் உதவிப்பணம் பெறுபவர்களுக்கு இது தபாலில் வரவேண்டும். வரவில்லையென்றால் மைக்ரன்ட் ஹெல்ப் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள். உதவிப்பணம் எடுக்காமல் அண்ணன் வீட்டிலோ சிநேகிதர் வீட்டிலோ இருப்பவர்கள் எச்.சி. 1 என்ற படிவத்தை நிரப்பி அனுப்பவேண்டும். சான்றிதழில் ஒரு முடிவுத் திகதி இருக்கும். அது முடிய முன்னரே புதுப்பிக்கப் பாருங்கள்.

இனி மிகவும் கவனமாக வாசிக்க வேண்டிய இடம். பார்மசியில் மருந்து எடுக்கும்போது "ஏன் காசு கட்டத் தேவையில்லை" என்பதற்கு ஒரு கட்டத்தில் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். நம்மவர் பலர் "யூனிவர்சல் கிரெடிட்" என்ற கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள், அல்லது கடைக்காரர் கேட்கும்போது "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுகிறார்கள். அகதிக் கோரிக்கையாளருக்கான உதவிப்பணம் யூனிவர்சல் கிரெடிட் அல்ல. சில மாதங்கள் கழித்து மருந்தின் கட்டணத்தோடு 100 பவுண் வரை தண்டம் கேட்டுக் கடிதம் வரும். எச்.சி. 2 என்று எழுதியிருக்கும் கட்டத்தில்தான் போடவேண்டும். ஏ.ஆர்.சி. அட்டையோ அஸ்பென் அட்டையோ இதற்குப் பதிலாகாது. அப்படிக் கடிதம் வந்துவிட்டால் ஒளித்து வைக்காமல் எங்களிடம் கொண்டுவாருங்கள். அந்த நாளில் உங்களிடம் செல்லுபடியான எச்.சி. 2 இருந்ததென்றால் அதைக் காட்டி எழுதிக் கேட்கலாம்.

சான்றிதழ் வரமுன்னர் மருந்துக்குக் காசு கட்டவேண்டி வந்தால், கட்டும்போதே எஃப்.பி. 57 என்ற பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பிறகு போய்க் கேட்டால் தரமாட்டார்கள். 3 மாதத்துக்குள் காசைத் திருப்பிக் கேட்கலாம்.

பல் வைத்தியர் பற்றி ஒரு சொல். என்.எச்.எஸ். நோயாளிகளை எடுக்கும் பல் வைத்தியரைக் கண்டுபிடிப்பது இங்கு பெரும்பாடு. எடுத்தாலும் கதிரையில் இருக்க முன்னரே "இது என்.எச்.எஸ். வைத்தியமா, பிரைவேட்டா?" என்று கேளுங்கள். பிரைவேட் என்றால் எச்.சி. 2 அங்கே செல்லாது.

மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், மனம் திறந்து சொல்லுங்கள்

நேரம் குறிக்கும்போதே "தமிழ் இன்ரர்பிரிற்றர் வேண்டும்" என்று சொல்லுங்கள். அதற்குக் காசு இல்லை. மொழிபெயர்ப்பு நேரம் எடுப்பதால் நீண்ட சந்திப்பும் கேட்கலாம். பெண்கள் பெண் மொழிபெயர்ப்பாளரையும் பெண் வைத்தியரையும் கேட்கலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மறித்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தாயின் மாதவிடாய் வருத்தத்தைப் பத்து வயதுப் பொடியன் வைத்தியருக்கு எப்படிச் சொல்லுவான்? முன்பு படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிப் போன நாளின் பாரம் அந்தப் பிள்ளையின் முகத்தில் பல நாள் நிற்கும்.

இன்னொரு பயம் இருக்கிறது. மொழிபெயர்ப்பவரும் தமிழர், எந்த ஊரோ, யாருடைய சொந்தமோ, வெளியில் கதைத்துவிடுவாரோ என்ற பயம். தடுப்பில் நடந்ததைச் சொல்ல முடியாமல் "முதுகு நோகுது" என்று மட்டும் சொல்லிப் பரசிற்றமோலோடு திரும்பி வந்த தம்பிமார் எத்தனையோ பேர். மொழிபெயர்ப்பாளரும் வைத்தியரைப் போலவே இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அவரைத் தெரிந்திருந்தால், அல்லது மனம் ஒப்பவில்லையென்றால், வேறொருவரைக் கேளுங்கள். தொலைபேசி வழியாக ஒருவரை எடுத்துத் தரும்படியும் கேட்கலாம். அவருக்கு உங்கள் முகம் தெரியாது.

நம்முடைய சொல்லொன்று இங்கே அடிக்கடி வழிதவறுகிறது. "ஒரே யோசனையா இருக்கு" என்று சொல்கிறோம். அதற்குள் கவலை, பயம், நித்திரையின்மை எல்லாம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றினால், நீங்கள் எதையோ சிந்தித்துக்கொண்டிருப்பதாகத்தான் வைத்தியர் எழுதுவார். ஆகவே விபரமாகச் சொல்லுங்கள்: இரவில் எத்தனை மணி நேரம் நித்திரை, கெட்ட கனவு கிழமையில் எத்தனை நாள், சாப்பாடு இறங்குதா, பூட்ஸ் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குதா, உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்ததா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அன்றைக்கே சொல்லவேண்டும். 111க்கு எடுத்தாலும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

சித்திரவதைக்கு உள்ளானவர்களை ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர் போன்ற அமைப்புகளுக்கு ஜி.பி. எழுதி அனுப்பலாம். நீங்கள் வாய் திறந்தால்தான் அவரும் எழுதுவார். வைத்தியரிடம் போவதால் உங்கள் அகதிக் கோரிக்கை பாதிக்கப்படாது. மாறாக, நீங்கள் சொன்னவை மருத்துவப் பதிவில் இருப்பது பின்னர் உங்கள் சட்டத்தரணிக்கு உதவலாம். அந்தப் பதிவின் பிரதியை இலவசமாகக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால்

அப்பீலும் முடிந்து நிராகரிக்கப்பட்டவர்களிடம் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்கலாம். பிரிவு 95 அல்லது பிரிவு 4(2) உதவியில் இருப்பவர்களுக்கு அது இல்லை. முன்னரே தொடங்கிய சிகிச்சை முடியும்வரை இலவசமாகவே தொடரவேண்டும். ஜி.பி., அவசரப் பிரிவு, காசநோய் போன்ற தொற்றுநோய்ச் சிகிச்சை, சித்திரவதையால் வந்த வருத்தங்களுக்கான சிகிச்சை ஆகியவற்றுக்கு அப்போதும் கட்டணம் கிடையாது. கர்ப்பிணித் தாய்மாருக்குப் பின்னர் பில் வரக்கூடும். ஆனால் காசு இல்லை என்பதற்காகப் பிரசவப் பராமரிப்பை மறுக்கவோ பிந்தவைக்கவோ முடியாது. பில் வந்தால் பேசாமல் இருக்காதீர்கள். 500 பவுணுக்குக் குறையாத கடன் 2 மாதம் கட்டப்படாமல் இருந்தால் ஹோம் ஒபிஸுக்கு அறிவிக்கலாம். தவணை முறையில் கட்டக் கேட்கலாம், பில் பிழையாகவும் இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

ஹோம் ஒபிஸ் வேறு ஊருக்கு மாற்றினால்

மாற்றப்போகும் கடிதம் கிடைத்த அன்றே ஜி.பி.யிடம் சொல்லி, தொடர்ந்து எடுக்கும் குளிசைகளைப் போதியளவு எழுதுவித்துக்கொள்ளுங்கள். பிரஷர், நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். உங்கள் என்.எச்.எஸ். இலக்கத்தை, 10 எண்கள் கொண்டது, ஒரு துண்டில் எழுதி வைத்திருங்கள். புது ஊரில் பதியும்போது அதைக் கொடுத்தால் பழைய பதிவுகளை எடுக்க இலகு. ஆஸ்பத்திரியில் ஏதாவது திகதி தந்திருந்தால் அதற்கு என்ன செய்வது என்றும் கேளுங்கள், ஊர் மாறினோம் என்று சும்மா விட்டுவிட வேண்டாம்.

யாராவது உங்களை நியாயமில்லாமல் நடத்தினால் சேர்ஜரியின் மனேஜருக்கு முறைப்பாடு எழுதலாம். ஆஸ்பத்திரியென்றால் அங்குள்ள "பால்ஸ்" என்ற பகுதியிடம் போகலாம். முறைப்பாட்டுக்குப் பொதுவாக 12 மாத அவகாசம் உண்டு. தமிழில் எழுதி வந்தாலும் பரவாயில்லை. நடந்த திகதி, நேரம், சொன்ன சொல் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டுவாருங்கள், ஆங்கிலத்தில் எழுத நாங்கள் உதவி செய்வோம்.